கார்ஸியா என்னும் பெயர்

ஸ்பெயின் தேசத்தில் மக்கள் நிறைந்த ஒரு புகைவண்டி நிலையத்தில் நின்றுகொண்டு, "கார்ஸியா!" என்று ஒருவர் உரக்க அழைப்பாரேயானால், அங்குள்ளோரில் நூற்றுக்கு மூவராவது திரும்பிப் பார்ப்பர். அந்நாட்டில் கார்ஸியா என்பதைத் தம் முதற் குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர். வேறெந்தக் குடும்பப் பெயரும் அங்கே இத்தனை பேருக்கு இல்லை. கடல் கடந்தும் இப்பெயர் பரவியிருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2010-ஆம் ஆண்டு நடந்த குடிமதிப்பில், ஸ்மித், ஜான்ஸன், வில்லியம்ஸ், பிரவுன், ஜோன்ஸ் என்னும் ஐந்து பெயர்களுக்கு அடுத்தபடியாக ஆறாவது இடத்தில் நின்றது கார்ஸியா. அங்கு மட்டும் அப்பெயருடையோர் 11 லட்சத்து 66 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள்.

பெயர் என்பது ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்காக ஏற்பட்டது. லட்சக்கணக்கானவர்களுக்குப் பொதுவாகிவிட்ட ஒரு பெயர் அந்தக் காரியத்தை எவ்வாறு செய்ய முடியும்? அது எங்கே பிறந்தது? இத்தனை குடும்பங்களுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது? மொழிபெயர்ப்பு அலுவலில் நாள்தோறும் அயல்நாட்டுப் பெயர்களோடு பழகும் நமக்கு இக்கேள்விகள் வெறும் வேடிக்கைக் கேள்விகள் அல்ல. ஒருவருடைய பெயரைத் தவறாகப் பிரித்து எழுதினால், அவருடைய தாயையோ தந்தையையோ நாம் ஏட்டிலிருந்து நீக்கிவிட்டவர்கள் ஆவோம்.

முதலில் ஒலியைப் பற்றி ஒரு சொல். ஸ்பெயினின் நடுப்பகுதியிலும் வடபகுதியிலும் நாவின் நுனியைப் பல்வரிசைகளுக்கு இடையே வைத்து, "கார்த்தியா" என்பதுபோல இதனை உச்சரிப்பர். தெற்கே ஆந்தலூஸியாவின் பல பகுதிகளிலும், அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிய நாடுகளிலும் "கார்ஸியா" என்பர். முதலெழுத்து, கங்கை என்னும் சொல்லின் முதலெழுத்தைப் போல ஒலிக்கும். அழுத்தம் நடு அசையின்மீது விழும். நாம் இரண்டாவது ஒலியையே இக்கட்டுரையில் கையாளுகிறோம்.

தமிழரிடையே குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே இட்டுக்கொள்கிறோம். இராமசாமியின் மகன் சுந்தரம் என்றால் அவர் இரா. சுந்தரம், அந்தச் சுந்தரத்தின் மகன் முருகன் என்றால் அவர் சு. முருகன். தலைமுறைக்குத் தலைமுறை முன்னெழுத்து மாறிக்கொண்டே வரும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினிலும் ஏறக்குறைய இதே முறைதான் வழங்கியது. தகப்பன் பெயர் முன்னே வராமல் பின்னே வந்தது என்பதே வேற்றுமை.

இதற்குக் காஸ்டில் நாட்டை ஆண்ட பிரபுக்களின் வரிசையைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 970-ஆம் ஆண்டில் காலமான பிரபுவின் பெயர் பெர்னான் கொன்ஸாலெஸ். பெர்னான் என்பது அவர் இயற்பெயர். கொன்ஸாலெஸ் என்றால் கொன்ஸாலோவின் மகன் என்பது பொருள். அவருக்குப்பின் பட்டத்துக்கு வந்த மகன் கார்ஸியா பெர்னாண்டெஸ், அதாவது பெர்னானின் மகனாகிய கார்ஸியா. அவருடைய மகன் சாஞ்சோ கார்ஸியா. அந்தச் சாஞ்சோவின் மகன் கார்ஸியா சாஞ்செஸ். ஒரே வமிசத்தில் நான்கு தலைமுறைகள். நான்கு வேறு வேறு பின்பெயர்கள். இவற்றில் எதையும் குடும்பப் பெயர் என்று கூற முடியாது. ஒவ்வொன்றும் இன்னாரின் பிள்ளை என்பதை மட்டுமே அறிவிக்கிறது.

இவ்வாறு தகப்பன் பெயரோடு "எஸ்" என்னும் விகுதியைச் சேர்த்து மகன் பெயரை அமைப்பது அந்நாட்டில் பெருவழக்காயிற்று. ரோட்ரிகோவின் மகன் ரோட்ரிகெஸ். மார்ட்டினின் மகன் மார்ட்டினெஸ். லோப்பேயின் மகன் லோபெஸ். ஸ்பெயினில் இப்போது மிகுதியாக வழங்கும் பத்துக் குடும்பப் பெயர்களுள் எட்டு இந்த விகுதி பெற்றவை. போர்ச்சுகீசிய மொழியிலும் இதே முறை உண்டு. கோவாவிலும் மங்களூரிலும் பெர்னாண்டஸ், ரொட்ரிக்ஸ் என்னும் பெயர்கள் வழங்குவதை நாம் அறிவோம். நம் முத்துக்குளித்துறைக் கரையில், 16-ஆம் நூற்றாண்டில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களில் பெர்னாண்டோ, கோமஸ் முதலிய பெயர்கள் தங்கிவிட்டதும் அந்தத் தொடர்பினால்தான்.

அந்தப் பத்துப் பெயர்களில் விகுதி பெறாத இரண்டில் ஒன்று மார்ட்டின். மற்றொன்று நாம் எடுத்துக்கொண்ட கார்ஸியா. இயற்பெயரே சிறிதும் மாறாமல் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. "கார்ஸேஸ்" என்று விகுதியேற்ற வடிவமும் பழங்காலத்தில் இருந்தது. பாம்ப்லோனா அரசர் பலர் அவ்வடிவத்தைத் தம் பெயரோடு வழங்கினர். இன்றும் அது ஒரு சிறுபான்மைக் குடும்பப் பெயராக உயிரோடிருக்கிறது. எனினும் மேலே கண்ட சாஞ்சோ கார்ஸியாவைப் போல, விகுதியின்றியே தகப்பன் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கமே இப்பெயரில் மேலோங்கியது.

இனி, கார்ஸியா என்னும் சொல்லுக்குப் பொருள் யாது? ரோட்ரிகோ, பெர்னாண்டோ போன்ற பெயர்கள் ஜெர்மானிய இனத்தாராகிய விஸிகாத் மக்களோடு வந்தவை. மார்ட்டின் லத்தீனிலிருந்து வந்தது. லோப்பே என்பதும் ஓநாயைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிப் பிறந்தது. கார்ஸியா இவ்விரு குடும்பங்களையும் சேர்ந்ததன்று. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே உள்ள பிரனீஸ் மலைத்தொடரின் மேற்குக் கோடியில், இரு பக்கமும் பாஸ்க் என்னும் ஒரு மொழி வழங்குகிறது. அது லத்தீனுக்கோ, ஜெர்மானிய மொழிகளுக்கோ, ஐரோப்பாவில் இன்று வழங்கும் வேறெந்த மொழிக்கோ உறவுடையதென்று நிலைநாட்டப்படாத தனிமொழி. ரோமர் அந்நாட்டுக்கு வருவதற்கு முன்பே அங்கே வேரூன்றியது. கார்ஸியா அந்த மலைநாட்டு மொழியில் பிறந்த சொல்லாதல் வேண்டும் என்பதே பெரும்பாலான ஆராய்ச்சியாளர் கொள்கை.

அதற்குமேல் அவர்களிடையே இரு கட்சிகள் உண்டு. பாஸ்க் மொழியில் கரடிக்கு "ஹார்ட்ஸ்" என்று பெயர். அதிலிருந்து கார்ஸியா வந்தது என்பர் ஒரு சாரார். பிரனீஸ் மலைகளில் கரடிகள் திரிந்தன. வீரம் கருதி விலங்கின் பெயரைப் பிள்ளைக்கு இடுவது அங்கு வழக்கமே. ஆனால் சொல்லின் முதலில் நிற்கும் ககர ஒலி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இவர்கள் விடை கூறியாக வேண்டும். மற்றொரு சாரார், இளையவன் எனப் பொருள்படும் "காஸ்டேயா" என்னும் பாஸ்க் சொல்லின் பண்டைய வடிவமே இது என்பர். இவர்கள் பக்கத்தில் முதலெழுத்து பொருந்துகிறது. இடையிலுள்ள மெய்யொலிகள் மாறியதற்குக் காரணம் காட்டவேண்டியிருக்கிறது. பழைய லத்தீன் சாசனங்களில் இது "கார்ஸேயா" என்று எழுதப்பட்டிருப்பதை இரு சாராரும் தத்தம் கொள்கைக்குத் துணையாகக் கொள்கின்றனர். கரடியோ, இளையவனோ, எதுவாயினும் ஒன்று உறுதி. ஸ்பானிய உலகம் முழுவதும் அறிந்த இப்பெயரை அளித்தது ஸ்பானிய மொழியன்று. சிறிய மலைநாடு ஒன்றின் மொழி அதனை அளித்தது.

அந்த மலைநாட்டிலே எழுந்ததுதான் பாம்ப்லோனா அரசு. பிற்காலத்தில் நவார்ரா எனப் பெயர் பெற்றது. அதன் முதல் மன்னராகக் கருதப்படும் ஈஞிகோ அரிஸ்டாவின் மகன் கார்ஸியா ஈஞிகெஸ், 9-ஆம் நூற்றாண்டில் ஆண்டவர். அவருக்குப்பின் அப்பெயர் அரச குடும்பங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மணவுறவுகளின் வழியே அது லேயோன், காஸ்டில், கலீஸியா ஆகிய அரசுகளுக்கும் சென்றது. நாஹெராவின் கார்ஸியா எனப்படும் பாம்ப்லோனா மன்னர் 1054-ஆம் ஆண்டு தம் சொந்தச் சகோதரரோடு அத்தாப்புவெர்க்காவில் பொருது மாண்டார். கலீஸியாவை ஆண்ட கார்ஸியா, தமையன்மாரால் அரசிழந்து, சிறைக்கோட்டத்திலேயே 1090-இல் உயிர் நீத்தார். அரசர் இட்டுக்கொண்ட பெயரைக் குடிமக்களும் விரும்பி இட்டுக்கொண்டனர். உழவரும் தச்சரும் படைவீரரும் தம் பிள்ளைகளுக்குக் கார்ஸியா என்று பெயரிட்டனர். இவ்வாறு எண்ணற்ற தந்தையர் கார்ஸியாக்களாக இருந்தமையால்தான் பின்னர் எண்ணற்ற குடும்பங்கள் கார்ஸியாக்கள் ஆயின. அவை யாவும் ஒரே மூதாதையிடமிருந்து கிளைத்தவை என்று நினைப்பதற்கு இடமில்லை.

16-ஆம் நூற்றாண்டிலும் இது இயற்பெயராக வழங்கியது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. கார்ஸியா த ஓர்த்தா என்னும் போர்ச்சுகீசிய வைத்தியர் 1534-ஆம் ஆண்டு கோவாவுக்கு வந்தார். இவருக்குக் கார்ஸியா என்பது இயற்பெயர். ஓர்த்தா என்பதே குடும்பப் பெயர். அகமதுநகர் சுல்தானுக்கும் இவர் மருத்துவம் பார்த்தார். பம்பாய்த் தீவையே போர்ச்சுகீசிய அரசிடமிருந்து குத்தகையாகப் பெற்றிருந்தார். இந்தியாவின் ஏலக்காய், பெருங்காயம், கற்பூரம், மாங்காய் முதலிய பொருள்களின் குணங்களை உரையாடல் வடிவில் ஆராய்ந்து இவர் எழுதிய நூல் 1563-இல் கோவாவிலேயே அச்சாயிற்று. போர்ச்சுகலின் மகாகவி கமாயிஷ் எழுதிய கவிதைகளுள் முதன்முதலில் அச்சேறியதும் இந்நூலில்தான்.

ஓர்த்தாவின் பெற்றோர் ஸ்பெயினிலிருந்து 1492-இல் துரத்தப்பட்ட யூதர்கள். போர்ச்சுகலில் கட்டாயத்தின்பேரில் கிறிஸ்தவர்களாக மாற்றப்பட்டவர்கள். பழைய கிறிஸ்தவ மன்னர்கள் தாங்கிய பெயரை இவரும் தாங்கியிருந்தார். 1568-இல் அவர் இறந்தார். மறு ஆண்டே அவர் தங்கை கத்தரீனாவை மதவிசாரணை மன்றம் கோவாவில் தீயிலிட்டது. 1580-இல் வைத்தியரின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தனர். பெயர் ஒருவருடைய பூர்வீகத்தை மறைக்கலாம். மறைத்ததனால் காக்கும் என்பதில்லை. பனாஜி நகரின் மையத்திலுள்ள பூங்கா ஒன்று இன்று அவர் பெயரால் விளங்குகிறது.

தலைமுறைதோறும் மாறிவந்த பெயர் நிலைத்த குடும்பப் பெயராக மாறியது எவ்வாறு? அது ஒரு நாளில் நடந்ததன்று. நிலமும் சொத்தும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும்போது, இன்ன குடும்பம் என்று அடையாளம் காட்ட ஒரு நிலையான பெயர் வசதியாயிருந்தது. 1563-இல் முடிவுற்ற திரெண்ட் மதப்பேரவை, திருமணங்களையும் ஞானஸ்நானங்களையும் பங்குக் கோயில்களில் ஏடு வைத்துப் பதிய வழிசெய்தது. ஏட்டில் எழுதிய பெயர் எளிதில் மாறுவதில்லை. எனினும் அதற்குப் பின்னும் நெடுங்காலம் ஒரே தாய்தந்தையரின் பிள்ளைகளில் ஒருவர் தந்தையின் பெயரையும், மற்றொருவர் தாயின் பெயரையும், வேறொருவர் பாட்டியின் பெயரையும் வைத்துக்கொள்வது ஸ்பெயினில் இயல்பாகவே இருந்தது. 1870-ஆம் ஆண்டின் குடிப்பதிவுச் சட்டமே அரசாங்கப் பதிவேட்டை ஏற்படுத்தி இவ்வழக்கத்தை ஒழுங்கிற்குள் கொண்டுவந்தது.

அந்த ஒழுங்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்களை அளித்தது. தந்தையின் முதற் குடும்பப் பெயர் முன்னேயும், தாயின் முதற் குடும்பப் பெயர் அதன் பின்னேயும் வரும். பெண்கள் மணம் புரிந்துகொண்டால் கணவன் பெயரை ஏற்பதில்லை; பிறந்தபோது பெற்ற இரு பெயர்களும் இறக்கும்வரை அவர்களுடையவை. கார்ஸியா குடும்பத்து ஆணும் மற்றொரு கார்ஸியா குடும்பத்துப் பெண்ணும் மணந்துகொண்டால் பிள்ளைகள் "கார்ஸியா கார்ஸியா" ஆவார்கள். அப்படிப்பட்டவர்களும் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு.

நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. லட்சக்கணக்கான கார்ஸியாக்களுள் ஒருவரை இன்னார் என்று காட்டுவது அவர்களுடைய இரண்டாவது பெயர். அதாவது, தாய்வழி வந்த பெயர். தந்தை தந்த பெயர் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறது. தாய் தந்த பெயர் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறது. புகழ் பெற்ற கார்ஸியாக்கள் சிலருடைய வரலாற்றைப் பார்த்தால் இது நன்கு விளங்கும்.

பெரு நாட்டின் பழைய தலைநகரான கூஸ்கோவில் 1539-ஆம் ஆண்டு ஒரு குழந்தை பிறந்தது. தந்தை ஸ்பானியப் படைத்தலைவர். தாய் சிம்ப்பு ஒக்யோ, இன்கா அரச குலத்துப் பெண். குழந்தைக்குத் தந்தையின் முன்னோர் ஒருவரை நினைத்துக் கோமெஸ் ஸுவாரெஸ் என்று பெயரிட்டனர். வளர்ந்து ஸ்பெயினுக்குச் சென்ற பின், அவர் தந்தையின் பெயராகிய கார்ஸிலாஸோ த லா வேகா என்பதை ஏற்றார். கார்ஸியா, லாஸோ என்னும் இரு பெயர்கள் இணைந்ததே கார்ஸிலாஸோ. அதே பெயரில் புகழ் பெற்ற ஸ்பானியக் கவிஞர் ஒருவர் அவருடைய உறவினர்களுள் முன்பே இருந்தார். ஆகவே நம் ஆசிரியர் தாய்க்குலத்தின் பெயரைச் சேர்த்துத் தம்மை "இன்கா" கார்ஸிலாஸோ என்று அழைத்துக்கொண்டார். தாயின் உறவினர் வாயிலாகக் கேட்ட இன்கா மக்களின் வரலாற்றை அவர் எழுதி 1609-இல் வெளியிட்டார். வென்றவர்களின் பெயரையும் வெல்லப்பட்டவர்களின் பெயரையும் ஒருங்கே தாங்கிய அந்நூலாசிரியரை இன்றும் உலகம் "இன்கா" என்ற அடைமொழியோடுதான் குறிப்பிடுகிறது.

பிலிப்பைன்ஸ் தீவுகளில் நிலைமை வேறு. அங்கே மக்களில் பலருக்குக் குடும்பப் பெயரே இல்லை. ஞானஸ்நானம் பெற்றோர் பலர் ஒரே வகையான புனிதர் பெயர்களைச் சூடிக்கொண்டிருந்தனர். வரி வசூலிப்பதற்கும் குடிமதிப்புக்கும் இது இடையூறாயிருந்தது. ஆகவே 1849-ஆம் ஆண்டு நவம்பரில் கவர்னர் ஜெனரல் கிளவேரியா ஓர் ஆணை பிறப்பித்தார். அகரவரிசையில் தொகுத்த பெயர்ப் பட்டியல் நூலொன்று மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டது. அதிலிருந்து குடும்பங்களுக்குப் பெயர்கள் வழங்கப்பட்டன. நான்கு தலைமுறையாக ஒரு பெயரை வழங்கி வந்தோர் அதனையே வைத்துக்கொள்ளலாயினர். ஆதலால் பிலிப்பைன்ஸ் மக்களில் ஒருவர் ஸ்பானியக் குடும்பப் பெயர் தாங்கியிருந்தால், அவர் ஸ்பானிய ரத்தம் உடையவர் என்று முடிவு கட்டிவிடலாகாது.

அந்நாட்டில் 1957 முதல் 1961 வரை குடியரசுத் தலைவராயிருந்தவர் கார்லோஸ் போலிஸ்டிகோ கார்ஸியா. விஸாயா மொழியில் கவிதை எழுதியவர் என்ற புகழும் இவருக்கு உண்டு. இவர் பெயரில் நடுவே நிற்கும் போலிஸ்டிகோ தாயின் குடும்பப் பெயர். அமெரிக்க ஆட்சிக்குப்பின் அங்கே பெயர்களின் வரிசை தலைகீழாகித் தாயின் பெயர் நடுவிலும் தந்தையின் பெயர் கடைசியிலும் வரலாயின. நம்மிடம் முன்னெழுத்து தந்தையைக் காட்டுகிறது. அவர்களிடம் நடுவெழுத்து தாயைக் காட்டுகிறது.

கார்ஸியா என்பதைப் பிறப்பினால் பெறாமல் தாமே சூடிக்கொண்டவர் ஒருவரும் உண்டு. 1775-இல் ஸெவில் நகரில் பிறந்த பாடகர் மானுவெல் கார்ஸியாவின் பிறப்புப் பெயர் ரோட்ரிகெஸ். மேடைக்காகக் கார்ஸியா ஆனார். இத்தாலிய இசையமைப்பாளர் ரொஸ்ஸினி இயற்றிய "ஸெவில் நகரத்து நாவிதன்" என்னும் இசை நாடகம் 1816-இல் முதன்முதலாக நடிக்கப்பட்டபோது, கதாநாயகனாகப் பாடியவர் இவரே. இவர் பெற்ற மக்கள் மூவரும் இசையுலகில் பெரும் புகழ் எய்தினர். ஆனால் பெண்கள் இருவரையும் உலகம் கார்ஸியா என்று அறியவில்லை. பிரெஞ்சு வழக்கப்படி கணவர் பெயரை ஏற்று, ஒருவர் மரியா மாலிப்ரான் ஆனார். மற்றொருவர் பாலின் வியார்டோ ஆனார். மகன் மானுவெல் மட்டும் பெயரைக் காத்தார். பாட்டாசிரியரான இவர், பாடும்போது தொண்டைக்குள் என்ன நிகழ்கிறது என்பதை அறிய விரும்பினார். 1854-இல் பல் வைத்தியரின் சிறு கண்ணாடியொன்றைத் தம் தொண்டையில் செலுத்தி, மற்றொரு கண்ணாடியால் சூரிய ஒளியைப் பாய்ச்சித் தம் குரல்வளையைத் தாமே கண்டார். தொண்டை வைத்தியர்கள் கையாளும் குரல்வளை நோக்கிக் கருவியின் வரலாறு இந்த நிகழ்ச்சியோடு பிணைந்தது. 1805-இல் பிறந்த இவர் 1906-ஆம் ஆண்டு வரை, நூறு வயதுக்கு மேல் வாழ்ந்தார்.

இலக்கிய உலகிலே இரு கார்ஸியாக்கள் ஒளி வீசுகின்றனர். முதல்வர் பெடெரிக்கோ கார்ஸியா லோர்க்கா. 1898-இல் கிரனாடாவுக்கு அருகில் ஒரு கிராமத்தில் பிறந்தார். இவர் தந்தை, பெடெரிக்கோ கார்ஸியா ரோட்ரிகெஸ் என்னும் நிலக்கிழார்; தாய், விஸெந்தா லோர்க்கா ரொமெரோ என்னும் பள்ளி ஆசிரியை. தந்தையிடமிருந்து கார்ஸியாவும், தாயிடமிருந்து லோர்க்காவும் வந்தன. ஆந்தலூஸிய ஜிப்ஸிகளின் வாழ்வைப் பாடிய கவிதைத் தொகுப்பும், கிராமத்துப் பெண்களின் அடக்கப்பட்ட துயரத்தைக் காட்டும் "இரத்தத் திருமணம்", "யெர்மா" முதலிய நாடகங்களும் இவருக்கு அழியாப் புகழ் அளித்தன. 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்ட சில வாரங்களில், ஆகஸ்டு மாதத்தில், கிளர்ச்சிப் படையினர் இவரைச் சுட்டுக் கொன்றனர். இவருடைய உடல் இன்னும் கண்டெடுக்கப்படவில்லை. கல்லறையில்லாத இக்கவிஞரை உலகம் லோர்க்கா என்றே அழைக்கிறது. கார்ஸியா என்று மட்டும் கூறினால் யார் என்று விளங்காது. அந்த ஆசிரியையின் பெயரே மகனின் பெயராக நிலைத்துவிட்டது.

இரண்டாமவர் கப்ரியேல் கார்ஸியா மார்க்கெஸ். 1927-இல் கொலம்பியா நாட்டின் அரக்கத்தாக்கா என்னும் சிற்றூரில் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் தாய்வழிப் பாட்டனாராகிய கர்னல் மார்க்கெஸின் வீட்டில் வளர்ந்தார். அங்கே கேட்ட கதைகளின் சாரத்தை 1967-இல் வெளிவந்த "நூறு ஆண்டுத் தனிமை" நாவலில் காண்கிறோம். அந்நாவலில் ஒரே குடும்பத்துப் பெயர்கள் தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வந்து வாசகரைத் திகைக்க வைக்கும். 1982-இல் இவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, 2014-இல் காலமானார். ஆங்கில வழக்கைப் பின்பற்றும் நூல்நிலையங்களில் சில வேளை இவர் நூல்களை மகர வரிசையில் அடுக்குகின்றனர். அது பிழை. இவருடைய முதற் குடும்பப் பெயர் கார்ஸியா. ககர வரிசையே இவருக்கு உரியது.

இவர் பெற்ற கார்ஸியா என்னும் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. இவருடைய தந்தை, மணமாகாத ஒரு தாயின் மகன். அந்தத் தாயின் பெயர் அர்ஹெமீரா கார்ஸியா. தந்தைவழிப் பாட்டனாரின் குடும்பப் பெயர் மார்ட்டினெஸ். அது மகனுக்கு வரவில்லை. தாயின் பெயரே வந்தது. ஆகவே இந்நாவலாசிரியர் தாங்கிய கார்ஸியாவும் ஒரு பெண் அளித்த பெயர். மார்க்கெஸும் ஒரு பெண் வழியாக வந்த பெயர். தகப்பன் பெயரை நிலைநாட்டுவதற்கென்றே ஏற்பட்ட ஒரு முறை, இங்கே ஒரு பாட்டியையும் ஒரு தாயையும் நிலைநாட்டிவிட்டது.

எனினும் ஸ்பானிய முறை தாய்க்கு முழு நீதி செய்கிறது என்று கூறிவிட முடியாது. தாயிடமிருந்து வருவது தாயின் தகப்பன் பெயரே. அதுவும் அடுத்த தலைமுறையில் பெரும்பாலும் மறைந்துவிடும். லோர்க்காவுக்குப் பிள்ளைகள் இருந்திருப்பின் அவர்களுக்கும் கார்ஸியா என்பதே முதற்பெயராக அமைந்திருக்கும். லோர்க்கா என்பது சென்றிராது. இந்தக் குறையை நோக்கியே அந்நாட்டுச் சட்டம் மாற்றப்பட்டது. 1999-ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோர் இருவரும் இசைந்தால் தாயின் பெயரை முன்னே வைக்கலாம் என்று அனுமதித்தது. 2011-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் இதுபற்றிய பகுதி 2017-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பெற்றோருக்குள் உடன்பாடு ஏற்படாவிடினும் தந்தையின் பெயர் தானாகவே முன்னிடம் பெறுவதில்லை. பதிவு அதிகாரி குழந்தையின் நலம் கருதி வரிசையைத் தீர்மானிப்பார். முதற் குழந்தைக்கு அமைந்த வரிசையே உடன்பிறந்தோருக்கும் உரியது.

நம்மிடையேயும் தந்தையின் முன்னெழுத்தோடு தாயின் முன்னெழுத்தையும் சேர்த்து எழுதுவோர் இக்காலத்தில் காணப்படுகின்றனர். அயல்நாட்டார் அச்சிட்ட படிவங்களில் குடும்பப் பெயர் என்னும் கட்டத்துக்கு எதிரே எதை எழுதுவது என்று தமிழர் தயங்குவதும், முதல் குடும்பப் பெயரா இரண்டாவதா என்று ஸ்பானியர் தயங்குவதும் ஒரே வகைத் தயக்கமே. உலகத்தார் யாவருக்கும் ஒரே வகையான பெயர் இருக்கும் என்று எண்ணி அச்சிட்ட கட்டம் அது.

ஆகவே, நேயர்கள் செய்தித்தாளிலோ நூலிலோ ஒரு ஸ்பானியப் பெயரைக் காணும்போது, கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடாதிருப்பது நலம். மூன்று சொற்கள் இருந்தால், பெரும்பாலும் முதலாவது அவருடைய பெயர். இரண்டாவது தந்தைவழிப் பெயர். மூன்றாவது தாய்வழிப் பெயர். நடுவில் கார்ஸியா என்று இருக்குமாயின், பிரனீஸ் மலைச்சாரலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை தன் மகனைக் கரடி என்றோ இளையவன் என்றோ கொஞ்சி அழைத்த சொல் அது. அதை அடுத்து வரும் சொல்லையும் விடாமல் படிக்கவேண்டும். அவரைப் பெற்றவள் யார் என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது.